கொளத்தூர் வண்ணமீன் சந்தை: நிறம் பார்க்கும் முன் நீரைப் பாருங்கள்

சென்னையின் வடமேற்குப் பகுதியில், வில்லிவாக்கத்தைத் தாண்டி ரெட்டேரி சந்திப்பை நோக்கிப் போகும் வழியில் இருக்கிறது கொளத்தூர். ரயிலில் வருபவர்கள் வில்லிவாக்கத்திலோ பெரம்பூரிலோ இறங்கி பஸ் அல்லது ஆட்டோ பிடிக்கலாம். நாட்டின் பெரிய வண்ணமீன் சந்தைகளில் இதுவும் ஒன்று. இங்கே மீன் வாங்க வருபவர்கள் கையில் கூடை இருக்காது. காற்று நிரப்பிக் கட்டிய பிளாஸ்டிக் பையோடுதான் திரும்புவார்கள்.

தெருவில் நுழைந்ததும் காதில் விழுவது ஏர் பம்புகளின் ரீங்காரம். கடை வாசல்களில் கண்ணாடித் தொட்டிகள் மூன்று அடுக்காக நிற்கின்றன. ஒரு பக்கம் நீலமும் வெள்ளையுமாகக் கூழாங்கல் மூட்டைகள். இன்னொரு பக்கம் தெர்மோகோல் பெட்டிகள். அரை ஜாண் உயரப் பாட்டில்களில் ஃபைட்டர் மீன்கள் ஒவ்வொன்றாக வரிசைகட்டி நிற்கின்றன. தட்டில் சிவப்பு நூல்கண்டு போல நெளிவது ட்யூபிஃபெக்ஸ் புழு; மீன்களுக்கான உயிர் உணவு. கடையின் மூலையில் ஆக்சிஜன் சிலிண்டர். வெளியூருக்குப் போகும் பைகளுக்கு அதிலிருந்துதான் ஆக்சிஜன் நிரப்புகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வருபவர்களில் பாதிப் பேர் குழந்தைகளோடு வரும் பெற்றோர். குழந்தை விரல் நீட்டும் மீன் பைக்குள் போகிறது. சிவப்பில் இரண்டு, மஞ்சளில் இரண்டு, கறுப்பில் ஒன்று, அழுக்கு தின்னும் மீன் ஒன்று என்று ஒரு பையில் ஆறு மீன்கள். வீட்டுக்குப் போன மூன்றாம் நாளில் ஒன்று மிதக்கும். பத்தாம் நாளில் இன்னொன்றின் வால் காணாமல் போயிருக்கும். மாதம் முடிவதற்குள் தொட்டி காலியாகிவிடும், அல்லது ஒரே ஒரு மீன் மட்டும் கொழுத்துத் திரியும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள். பெரும்பாலும் காரணம் வேறு. ஒன்றோடொன்று சேராத மீன்களை ஒரே கண்ணாடிக்குள் அடைத்ததுதான் காரணம்.

இந்த விஷயத்தில் விவசாயிகளுக்கு நகரத்துக்காரர்களைவிட அனுபவம் அதிகம். ஊடுபயிர் போடும்போது எந்தப் பயிரோடு எது சேரும், எது எதன் நிழலில் வளரும் என்று பார்த்துத்தான் விதைக்கிறோம். பண்ணைக்குட்டையில் கூட்டு மீன் வளர்ப்பு செய்பவர்கள் இன்னும் ஒரு படி மேலே. அதே கணக்குதான் இரண்டடிக் கண்ணாடித் தொட்டிக்கும்.

தண்ணீர் முதலில்

மீன்கள் ஒன்றோடொன்று சேருமா என்று பார்ப்பதற்கு முன், அவை நம் வீட்டுத் தண்ணீரோடு சேருமா என்று பார்க்க வேண்டும். வண்ணமீன்கள் ஒரே ஊரில் பிறந்தவை அல்ல. நியான் டெட்ராவும் டிஸ்கஸும் அமேசான் ஆற்றுப் படுகையைச் சேர்ந்தவை. அங்கே தண்ணீர் உப்புகள் குறைந்த மென்னீர், லேசான அமிலத்தன்மை கொண்டது. ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில் இருந்து வந்த சிக்லிட் மீன்களுக்குக் கடினமான, காரத்தன்மையுள்ள நீர் வேண்டும். கப்பி, மோலி, பிளாட்டி, ஸ்வார்ட்டெயில் ஆகிய குட்டி போடும் மீன்களும் கடின நீரை விரும்புபவையே. மோலி கொஞ்சம் உப்புத் தண்ணீரைக்கூடத் தாங்கும்.

தமிழ்நாட்டில் பல மாவட்டங்களில் போர்வெல் தண்ணீர் கடினத்தன்மை உடையது. சோப்பு நுரைக்காது, பாத்திரத்தில் வெள்ளைப் படிவு உட்காரும். இப்படிப்பட்ட தண்ணீரில் நியான் டெட்ராவை விட்டுவிட்டுத் தினமும் கவலைப்படுவதைவிட, கப்பியும் பிளாட்டியும் வளர்ப்பது நிம்மதி. பாசன நீரைப் பரிசோதித்த அறிக்கை வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். அதில் கார அமில நிலையும், மின் கடத்துத்திறன் என்ற பெயரில் மொத்த உப்பின் அளவும் இருக்கும். கார அமில நிலை 7.5 முதல் 8.5 வரை என்றால் குட்டி போடும் மீன்கள் தாராளமாக வாழும். மென்னீர் மீன்தான் வேண்டும் என்பவர்கள் சுத்தமான கூரையில் இருந்து பிடித்த மழைநீரைப் போர்வெல் நீரோடு கலந்து பயன்படுத்தலாம். ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் தனியாக ஊற்றக் கூடாது. மீனுக்குத் தேவையான தாது உப்புகள் அதில் இருக்காது. கார அமில நிலையும் திடீரென்று இறங்கிவிடும்.

அடுத்தது வெப்பநிலை. தங்கமீன் குளிர்ச்சியான நீரின் மீன். 18 முதல் 24 டிகிரி செல்சியஸ் வரை அதற்குச் சுகம். டிஸ்கஸ் மீனுக்கு 28 முதல் 30 டிகிரி வரை வேண்டும். இவை இரண்டையும் ஒரே தொட்டியில் விட்டால், ஒன்றுக்கு இதமாக இருக்கும் நாளெல்லாம் மற்றொன்றுக்குத் தண்டனை. நம் ஊர் கோடையில் வீட்டுக்குள் இருக்கும் தண்ணீரே 30 டிகிரியைத் தொடும். தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். அதனால்தான் ஏப்ரல், மே மாதங்களில் நெருக்கமாக வளர்க்கப்படும் தங்கமீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. கோடையில் ஏர் பம்பை நிறுத்தாமல் ஓட விடுவதும், மீன்களைக் குறைவாக விடுவதும்தான் வழி.

குட்டையில் பார்த்த மீன்தான் இது

கொளத்தூர் கடைகளில் இருக்கும் மீன்களில் பெரும்பாலானவை குஞ்சுகள். இரண்டு அங்குலம், மூன்று அங்குலம் இருக்கும். அவை எவ்வளவு பெரிதாக வளரும் என்பதை வாங்குபவர்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

செய்யாறு பக்கத்தில் இருந்து மகளோடு வந்த ஒரு விவசாயி, வெள்ளிபோல மினுங்கிக்கொண்டு கூட்டமாக நீந்தும் மீன்களைக் காட்டிக் கேட்கிறார்.

“அண்ணே, இந்த ஷார்க் ஜோடி எவ்வளவு?”

“தொட்டி எத்தனை அடிங்க?”

“ரெண்டடி.”

“அப்ப இது வேணாங்க. ஆறு மாசம் போனா இது திரும்பக்கூட இடம் இருக்காது.”

அவர் குனிந்து இன்னொரு முறை பார்க்கிறார். “இது நம்ம பக்கம் குட்டையில விடுற பங்காசியஸ் மாதிரி இருக்கே?”

“அதேதாங்க.”

மகள் விடவில்லை. “அப்பா, சின்னதா இருக்கிறப்ப மட்டும் வெச்சுக்கலாம்ப்பா.”

“வளர்ந்ததும் எங்கம்மா விடுறது?” என்று கேட்டுவிட்டு அவர் அடுத்த தொட்டிக்கு நகர்கிறார்.

சரியான கேள்வி. ஷார்க் என்று கடைகளில் விற்கப்படுவது சுறா இனமே அல்ல. பண்ணைகளில் வளர்க்கப்படும் பங்காசியஸ் கெளுத்திதான் அது. குட்டையில் ஓராண்டுக்குள் ஒரு கிலோவைத் தாண்டும். பிரானா மாதிரி இருக்கிறது என்று ஆசையாக வாங்கப்படும் சிவப்பு வயிற்று மீன் பல கடைகளில் பாக்கு. பண்ணைக்காரர்கள் அதை ரூப்சந்த் என்பார்கள். கோய் என்பது சாதாக்கெண்டையின் வண்ண வடிவம். இரண்டடி நீளம்கூட வளரும். இந்த மூன்றையும் தராசில் நிறுத்துப் பார்த்த விவசாயிக்கு, அவற்றை இரண்டடித் தொட்டியில் வளர்க்க முடியாது என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பெயர் மாறியிருப்பதால்தான் ஏமாற்றம் வருகிறது. ரெட்டெயில் கேட்ஃபிஷ் என்ற கெளுத்தி இன்னும் மோசம். மூன்று அங்குலக் குஞ்சாக விற்கப்படும் அது, வளர்ந்தால் ஒரு மீட்டரைத் தாண்டும். ஆஸ்கர் ஓர் அடி வரை வளரும்.

வளர்ந்த அளவைக் கேட்க இன்னொரு காரணமும் உண்டு. மீன் உலகில் வாய்க்குள் நுழைவதெல்லாம் இரை. அழகாகவும் அமைதியாகவும் தெரியும் ஏஞ்சல் மீன், சின்ன வயதில் நியான் டெட்ராக்களோடு ஒன்றாக நீந்தும். ஏஞ்சல் வளர்ந்து முழு அளவை எட்டியதும், ஒன்றரை அங்குல நியான்கள் ஒவ்வொரு இரவும் ஒவ்வொன்றாகக் குறையும்.

“கடையில் எல்லாம் ஒன்றாகத்தானே நீந்தின?” என்று பலர் கேட்பதுண்டு. கடையில் இருந்தவை குஞ்சுகள். அதுவும் சில நாட்கள் மட்டுமே அங்கே இருந்தவை. இடம் பிடிப்பதும் இணை சேர்வதும் சண்டையும் முதிர்ந்த பிறகு வருபவை. நாற்றங்காலில் நெருக்கமாக நிற்கிறது என்பதற்காக அதே இடைவெளியில் யாரும் நடவு செய்வதில்லை.

மேல், நடு, அடி

கூட்டு மீன் வளர்ப்பில் கட்லா மேல்மட்டத்திலும், ரோகு நடுமட்டத்திலும், மிர்கால் அடிமட்டத்திலும் இரை எடுக்கும். ஒன்றின் பங்கில் மற்றொன்று கை வைப்பதில்லை. அதனால்தான் ஒரே குட்டையில் மூன்றையும் விடுகிறோம். கண்ணாடித் தொட்டியிலும் இந்த மூன்று மட்டங்கள் உண்டு.

மேல்மட்டத்துக்கு ஜீப்ரா டேனியோ, கௌராமி, கப்பி. நடுமட்டத்துக்கு டெட்ரா, பார்ப் வகைகள், பிளாட்டி. அடிமட்டத்துக்குக் கோரிடோரஸ் என்ற சிறு கெளுத்தி வகை. மட்டத்துக்கு ஒன்றாகத் தேர்ந்தெடுத்தால் தொட்டி நிறைந்து தெரியும்; நெருக்கடியும் இருக்காது. எல்லாம் மேல்மட்ட மீன்களாகவே வாங்கினால், பாதித் தொட்டி காலியாகக் கிடக்க, மீதிப் பாதியில் தள்ளுமுள்ளு நடக்கும்.

உணவையும் இதே முறையில் போட வேண்டும். மிதக்கும் உணவை மட்டும் போட்டால் அடியில் இருக்கும் கோரிடோரஸ் பட்டினி கிடக்கும். மேலே இருந்து விழும் மிச்சத்தைத் தின்று அது பிழைத்துக்கொள்ளும் என்பது தவறான எண்ணம். மூழ்கும் உணவு வில்லைகளை, விளக்கை அணைத்த பிறகு தனியாகப் போட வேண்டும்.

குணம் அறிந்து கூட்டு

நீரும் அளவும் மட்டமும் பொருந்தினாலும் குணம் பொருந்தவில்லை என்றால் கூட்டு நிலைக்காது.

ஆண் ஃபைட்டர் தன் இனத்து இன்னோர் ஆணைக் கண்டால் சாகும்வரை சண்டையிடும். நீண்ட வண்ண வால் கொண்ட ஆண் கப்பியைக்கூட எதிரி என்று நினைத்துக் கடிக்கும். ஃபைட்டருக்குத் தனித் தொட்டிதான் நல்லது. அதற்காகக் கடையில் இருப்பது போலப் பாட்டிலிலேயே வளர்ப்பது சரியல்ல. காற்றில் இருந்து நேரடியாகச் சுவாசிக்கும் உறுப்பு அதற்கு இருப்பதால் பாட்டிலில் சில நாள் உயிரோடு இருக்கும், நன்றாக வாழாது. 20 லிட்டர் தண்ணீராவது வேண்டும்.

டைகர் பார்ப் துடுப்பு கடிக்கும் மீன். இரண்டு மூன்று மட்டும் இருந்தால் ஏஞ்சல், கௌராமி, ஃபைட்டர் போன்ற நீண்ட துடுப்பு மீன்களைத் துரத்தித் துரத்திக் கடிக்கும். எட்டுக்கு மேல் கூட்டமாக விட்டால், அந்தச் சேட்டை பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே முடிந்துவிடும். அப்போதும் நீண்ட துடுப்பு மீன்களை அதனோடு சேர்க்கக் கூடாது.

டெட்ரா, டேனியோ, பார்ப், கோரிடோரஸ் எல்லாம் கூட்டமாக வாழ்பவை. நிறத்துக்கு ஒன்று, ஜாதிக்கு இரண்டு என்று வாங்கினால் அவை பயத்திலேயே இருக்கும். நிறம் மங்கும், நோய் வரும். ஒரே வகையில் குறைந்தது ஆறு வாங்க வேண்டும். பத்து வகை மீனில் ஒவ்வொன்று வாங்குவதைவிட இரண்டு வகையில் ஆறு ஆறு வாங்குவது தொட்டிக்கும் அழகு, மீனுக்கும் ஆரோக்கியம்.

கப்பியிலும் பிளாட்டியிலும் ஓர் ஆணுக்கு இரண்டு அல்லது மூன்று பெண் என்ற கணக்கு வேண்டும். ஆண்கள் அதிகமானால் பெண் மீனை ஓய்வின்றித் துரத்திக் களைப்படைய வைத்துவிடும். குட்டி வேண்டாம் என்பவர்கள் ஆண் மீன்களை மட்டும் வாங்கலாம். கடையிலிருந்து வரும் பெண் கப்பி பெரும்பாலும் ஏற்கெனவே இணை சேர்ந்ததாக இருக்கும். ஆண் இல்லாமலே மாதத்துக்கு ஒரு முறை, பல மாதங்கள் வரை குட்டி போடும்.

தங்கமீனிலும் இரண்டு கூட்டம் உண்டு. ஒல்லியான உடலும் ஒற்றை வாலும் கொண்ட காமெட் வகை வேகமாக நீந்தும். உருண்டை உடலும் இரட்டை வாலும் கொண்ட ஒராண்டா போன்றவை மெதுவாக நகரும். இரண்டையும் சேர்த்து வளர்த்தால் காமெட்தான் சாப்பிடும், ஒராண்டா இளைக்கும். ஃப்ளவர்ஹார்ன் மீனுக்கோ யாரும் ஒத்துவராது. அது பல சிக்லிட் இனங்களைக் கலந்து மலேசியாவில் உருவாக்கப்பட்ட கலப்பு மீன். வாஸ்துவுக்காக அதை வாங்குபவர்கள், துணைக்கு என்று வேறு மீனை விடாமல் இருந்தாலே போதும்.

தெருவுக்குப் பின்னால் இருக்கும் பண்ணைகள்

கடைத்தெருவில் இருக்கும் மீன்கள் எல்லாம் விமானத்தில் வந்தவை அல்ல. கொளத்தூரைச் சுற்றியும் செங்குன்றம் பக்கமும் சிமென்ட் தொட்டிகளிலும் மண் குட்டைகளிலும் மீன்களை இனப்பெருக்கம் செய்து குஞ்சுகளைச் சந்தைக்குக் கொண்டுவருகிறார்கள். வீட்டின் பின்புறத்தில் நான்கு தொட்டி வைத்துத் தொழில் செய்பவர்களும் இருக்கிறார்கள்.

இப்படி ஒரு பண்ணையில் அரைமணி நேரம் நின்று பார்த்தால் போதும், எந்த மீன் எதோடு சேரும் என்பது புரிந்துவிடும். அங்கே மீன்களைக் கலந்து வைப்பதே இல்லை. மோலிக்கு ஒரு தொட்டி, ஏஞ்சல் ஜோடிக்கு ஒரு தொட்டி, முட்டை இடும் பார்ப்புக்கு ஒரு தொட்டி. மோலித் தொட்டியில் வலைக் கூண்டு கட்டியிருப்பார்கள். பிறந்த குட்டி கண்ணி வழியே வெளியேறிவிடும், தாய் அதைத் தின்னாது. சாணக் கரைசல் விட்ட தனித் தொட்டியில் மொய்னா என்ற நுண்ணிய மிதவை உயிரி பெருகும். அதுதான் குஞ்சுகளுக்குத் தீனி.

ட்யூபிஃபெக்ஸ் புழு அழுக்குநீர் ஓடைகளில் வளர்வது. சத்து அதிகம், ஆனால் நோயையும் கொண்டுவரும். வீட்டுத் தொட்டிக்குப் புழுவைவிடத் தரமான காய்ந்த உணவே பாதுகாப்பு. பண்ணைக்குட்டை வைத்திருக்கும் விவசாயிகள் மொய்னாவைத் தாங்களே வளர்த்துக்கொள்ளலாம்.

மீன் வாங்கும்போது எங்கே பிறந்தது என்று கேட்பதில் ஒரு பயன் உண்டு. பக்கத்துப் பண்ணையில் பிறந்த மீன் நம் ஊர்த் தண்ணீருக்கும் சூட்டுக்கும் பழகியிருக்கும். வெளிநாட்டில் இருந்து போன வாரம் இறங்கியது பயணக் களைப்போடு இருக்கும். புதியவர்களுக்கு உள்ளூர் மீனே ஏற்றது.

தொட்டிக்கு ஏற்ற மூன்று கூட்டுகள்

ஒரு கன அடி என்பது சுமார் 28 லிட்டர். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் கொண்ட தொட்டியின் கொள்ளளவு 56 லிட்டர். கல்லுக்கும் மேலே விடும் இடைவெளிக்கும் கழித்தால் சுமார் 45 லிட்டர் தண்ணீர்தான் மிஞ்சும். இதை வைத்துத்தான் மீன் எண்ணிக்கையை முடிவு செய்ய வேண்டும்.

கடின நீர், இரண்டடித் தொட்டி: கப்பி ஆறு (இரண்டு ஆண், நான்கு பெண்), பிளாட்டி மூன்று (ஓர் ஆண், இரண்டு பெண்). குட்டிகள் பெருகும் என்பதால் ஆரம்பத்தில் இதற்கு மேல் வேண்டாம். மோலி இன்னும் பெரிதாக வளரும் என்பதால் அதற்கு மூன்றடித் தொட்டி நல்லது.

நடுத்தர நீர், மூன்றடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் உயரமும் கொண்ட தொட்டி: ஜீப்ரா டேனியோ எட்டு, முத்து கௌராமி மூன்று (ஓர் ஆண், இரண்டு பெண்), கோரிடோரஸ் ஆறு. மூன்று மட்டமும் நிறையும். ஒன்றையொன்று தொந்தரவு செய்யாது. கோரிடோரஸுக்கு அதிகச் சூடு ஆகாது. வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் தொட்டியை வைக்க வேண்டும். அடியில் கூர்மையான கல் இல்லாமல் மெல்லிய ஆற்றுமணல் போட வேண்டும். அது மணலைக் கிளறித்தான் இரை தேடும்.

தங்கமீன் ஆசை, அதே மூன்றடித் தொட்டி: உருண்டை உடல் தங்கமீன் இரண்டு அல்லது மூன்று மட்டும். வேறு எந்த மீனும் வேண்டாம். தங்கமீன் அதிகம் தின்று அதிகம் கழிக்கும் மீன். கிண்ண வடிவக் கண்ணாடியில் அதை வளர்ப்பது, கூண்டில் மாடு கட்டுவது போல.

ஊர் வந்து சேர்ந்த பிறகு

தொட்டியை முதலில் வாங்கி, தயார் செய்துவிட்டு, பிறகு மீன் வாங்க மறுபடி கொளத்தூர் வருவதுதான் முறை. ஒரே பயணத்தில் தொட்டியும் மீனும் வாங்குபவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள்.

மீனின் கழிவில் இருந்து அம்மோனியா வருகிறது. வயலில் போட்ட யூரியாவின் அம்மோனியத்தை மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன அல்லவா? அதே வேலை தொட்டியின் ஃபில்டர் பஞ்சிலும் கல்லிலும் நடக்க வேண்டும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் மீனுக்கு விஷம். நைட்ரேட்டால் அவ்வளவு கெடுதல் இல்லை. புதுத் தொட்டியில் இந்த நுண்ணுயிர்கள் பெருக நான்கு முதல் ஆறு வாரம் வரை ஆகும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியின் ஃபில்டர் பஞ்சில் ஒரு துண்டு கிடைத்தால் இந்தக் காலம் குறையும். தயிருக்கு உறை ஊற்றுவது போலத்தான். முதலில் மூன்று நான்கு மீன்களை விட்டு, இரண்டு மூன்று வாரம் கழித்து மீதியை விட வேண்டும். ஃபில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவினால் நுண்ணுயிர்கள் போய்விடும். தொட்டியில் இருந்து எடுத்த நீரிலேயே அலச வேண்டும்.

சரியாகக் கட்டிய ஆக்சிஜன் பை பத்துப் பன்னிரண்டு மணி நேரப் பயணத்தைத் தாங்கும். வெயில் படாமல் தெர்மோகோல் பெட்டியில் வைத்துக் கொண்டுவர வேண்டும். வீட்டுக்கு வந்ததும் பையைப் பிரிக்காமல் தொட்டி நீரில் 20 நிமிடம் மிதக்க விட்டு, பிறகு தொட்டி நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் சேர்க்க வேண்டும். மீனை வலையில் எடுத்து விட வேண்டும். பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. ஏற்கெனவே மீன் இருக்கும் தொட்டி என்றால், புது மீனை இரண்டு வாரம் தனியாக வைத்துப் பார்ப்பது நல்லது. வெண்புள்ளி நோய் பெரும்பாலும் புது மீனோடுதான் வீட்டுக்குள் வருகிறது.

வாரம் ஒரு முறை கால் பங்கு தண்ணீரை மாற்ற வேண்டும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்த பிறகே ஊற்ற வேண்டும். மருந்தோ உப்போ போடாத தொட்டித் தண்ணீரைக் கீழே கொட்ட வேண்டாம். அதில் நைட்ரேட் இருக்கிறது. கறிவேப்பிலைக்கும் தக்காளிக்கும் விடலாம்.

சக்கர் என்ற வம்பு

கொளத்தூரில் இருந்து போகும் பல பைகளில் கடைசியாக ஒரு மீன் சேர்க்கப்படும். கண்ணாடியில் வாயால் ஒட்டிக்கொண்டு இருக்கும் சக்கர் மீன். அழுக்கைத் தின்று தொட்டியைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் வாங்குகிறார்கள். அது கண்ணாடியில் படியும் பாசியைத் தின்னும். மற்ற மீன்களின் கழிவைத் தின்னாது. தானே ஏராளமாகக் கழிக்கும். பசி எடுத்தால், மெதுவாக நகரும் தங்கமீனின் உடலில் இரவில் ஒட்டிக்கொண்டு மேல்தோலின் வழவழப்பை உறிஞ்சும். காலையில் தங்கமீனின் மேல் காயம் இருக்கும். ஒன்றரை அடி வரை அது வளரும்.

வளர்ந்த பிறகுதான் ஊருக்கே சிக்கல் ஆரம்பிக்கிறது. தொட்டியில் இடம் போதாமல், கொல்லவும் மனம் வராமல், “பாவம், பிழைச்சுப் போகட்டும்” என்று பக்கத்து ஏரியிலோ வாய்க்காலிலோ விட்டுவிடுகிறார்கள். அது பிழைத்துக்கொள்கிறது. தென் அமெரிக்காவைச் சேர்ந்த இந்த மீனுக்கு நம் ஏரிகளில் எதிரி குறைவு. எலும்புத் தகடு போர்த்த உடல். ஆக்சிஜன் குறைந்த அழுக்கு நீரிலும் வாழும். தண்ணீருக்கு வெளியே பல மணி நேரம் தாங்கும். முட்டையிட ஆண் மீன் கரையில் வளை தோண்டும். ஏரிக்கரையும் குட்டைக்கரையும் அரிக்கும். வலையில் மாட்டினால் முள் சிக்கி வலை கிழியும். சந்தையில் வாங்க ஆள் இல்லை. ஏரியைக் குத்தகைக்கு எடுத்துக் கட்லா, ரோகு குஞ்சு விட்டவருக்கு, வலை இழுக்கும் நாளில் கிடைப்பது கிழிந்த வலையும் கூடை நிறைய சக்கரும். தமிழ்நாட்டில் பல ஏரிகளில் இன்று இதுதான் நிலை.

ஒரு வீட்டுத் தொட்டியில் சேராத மீன், ஊர் ஏரியில் உள்ள எல்லா மீனுக்கும் சேராததாகிவிடுகிறது. சக்கருக்கு மட்டுமான பேச்சும் அல்ல இது. ரெட்டெயில், பாக்கு, ஃப்ளவர்ஹார்ன் எதையும் ஏரி, குளம், கிணறு, ஆறு எதிலும் விடக் கூடாது. பண்ணைக்குட்டையிலும் வேண்டாம், மழைக்காலத்தில் குட்டை வழிந்தால் மீன் ஓடைக்குப் போய்விடும்.

கண்ணாடியில் பாசி படிவதைத் தடுக்கச் சக்கர் தேவையில்லை. தொட்டியில் வெயில் படாமல் பார்த்துக்கொண்டு, விளக்கை ஒரு நாளைக்கு ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்கு மேல் எரியவிடாமல் இருந்தால் பாசி குறையும். மிச்சத்தைப் பஞ்சால் துடைத்துவிடலாம். ஏற்கெனவே சக்கர் வைத்திருப்பவர்கள், அது பெரிதாகும் முன் கடையில் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேட்கலாம். பெரிய தொட்டி வைத்திருப்பவருக்குக் கொடுக்கலாம். இனி வாங்கும் எந்த மீனுக்கும், பணம் கொடுக்கும் முன்பே, “பெரிசானா திருப்பி எடுத்துப்பீங்களா அண்ணே?” என்று கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

கொளத்தூருக்குக் கிளம்பும்போது ஒரு சின்னச் சீட்டில் நான்கு விவரங்களை எழுதிக்கொண்டு போகலாம். தொட்டியின் நீளம், அகலம், உயரம். வீட்டுத் தண்ணீரின் கார அமில நிலை. தொட்டி தயாராகி எத்தனை வாரம் ஆயிற்று. ஏற்கெனவே என்ன மீன் இருக்கிறது. சீட்டைக் கடைக்காரரிடம் காட்டி, இதற்கு எது சேரும், அது எவ்வளவு பெரிதாகும் என்று கேளுங்கள். நிறத்தைக் குழந்தைகள் தேர்ந்தெடுக்கட்டும். எந்த வரிசைத் தொட்டிகளில் இருந்து தேர்ந்தெடுப்பது என்பதை அந்தச் சீட்டு முடிவு செய்யட்டும்.